பிடிஎஃப்ல இருந்து படம் எடுத்து பேஜ்மேக்கர்ல போட்டா உடையுது, யாராவது வழி சொல்லுங்க

பாமணியாறு_டிடிபி:

வணக்கம் மக்களே. மன்னார்குடி பக்கம் சின்னதா டிடிபி சென்டர் வச்சிருக்கேன், கம்ப்யூட்டர்ல பக்கம் அமைச்சு அச்சுக்கு குடுக்குற கடை. ரெண்டு சிஸ்டம், ஒண்ணு விண்டோஸ் 7, அதுலதான் பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கர் 7 ஓடுது, இன்னொண்ணு விண்டோஸ் 10, அதுல போட்டோஷாப், கோடு படம் வரையிற கோரல், வேர்டு எல்லாம் கெடக்கு. பக்கத்து ஊர் கோயிலுக்கு ஆவணில கும்பாபிஷேகம், மலர் போடுற வேலை நமக்கு வந்துருக்கு, 48 பக்கம், மூணு ஃபாரம் (ஒரு ஃபாரம் 16 பக்கம்). மேட்டர் எல்லாம் அடிச்சு ப்ரூஃப் பாத்தாச்சு. உயிரை வாங்குறது படம்தான்.

கமிட்டிக்காரங்க பென்டிரைவ்ல மூணு பிடிஎஃப் குடுத்தாங்க. மொதலாவது போன கும்பாபிஷேகத்துக்கு போட்ட மலர், யாரோ ஸ்கேன் பண்ணி வச்சது, அதுல உள்ள ராஜகோபுரம் போட்டோதான் அட்டைக்கு வேணுமாம். புதுசாவே எடுத்துருவோமேன்னா இப்ப கோபுரம் பூரா சாரம் கட்டி கீத்து போட்டு மூடிருக்கு. அப்ப எடுத்த ஸ்டுடியோக்காரர்கிட்ட கேட்டா 2018 கஜால ஓடு பறந்து சிஸ்டம் நனைஞ்சதுல எல்லாம் போச்சு தம்பிங்கிறார். ரெண்டாவது கோயிலோட தரைப்படம், இன்ஜினியர் ஆட்டோகேட்ல போட்டது, கோடு கோடா இருக்கும். மூணாவது செயலாளரோட பேரன் திருப்பணி போட்டோ எல்லாத்தையும் வேர்டுல ஒட்டி பிடிஎஃப் ஆக்கி குடுத்தது, ஒரு இருபது போட்டோ.

நான் பண்ணது என்னன்னா அடோபி ரீடர்ல தொறந்து எடிட் மெனுல டேக் எ ஸ்னாப்ஷாட் போட்டு படத்தை சுத்தி டப்பா இழுத்தேன், காப்பி ஆயிருச்சுன்னு சொல்லுச்சு, பேஜ்மேக்கர்ல வந்து பேஸ்ட் பண்ணி அட்டைக்கு 5 இன்ச்சுக்கு இழுத்து விட்டேன். ஸ்க்ரீன்ல கொஞ்சம் மங்கலாத்தான் இருந்துச்சு, பேஜ்மேக்கர்ல எப்பவுமே அப்படித்தானே தெரியும்னு விட்டுட்டேன். தஞ்சாவூர்ல ஆப்செட் பிரஸ்சுக்கு அனுப்புனா அவர் போன் போட்டு, தம்பி இது போட்டோவா இல்ல மார்கழி கோலத்துக்கு வச்ச புள்ளியா, பிளேட் போட்டா மானம் போயிரும்ங்கிறார். வேர்டுல பேஸ்ட் பண்ணி பாத்தேன், அதுலயும் அதே கதைதான். இதுக்கு தனியா சாஃப்ட்வேர் காசு குடுத்து வாங்கணுமா?

அரசலாறு:

இதுக்கு எதுக்கு சாமி சாஃப்ட்வேர். விண்டோஸ் பட்டன், ஷிஃப்ட், எஸ், மூணையும் சேத்து அமுக்குங்க, எந்த இடம் வேணுமோ அதை மட்டும் வெட்டி எடுத்துக்கும். நான் பத்து வருசமா இப்படித்தான் எடுக்குறேன், இதுவரைக்கும் ஒருத்தரும் ஒண்ணும் சொன்னதில்ல.

வெண்ணாறு:

அரசலாறு அண்ணே, நீங்க எடுக்குறது வாட்ஸ்அப்ல போடத்தானே. போன்ல பாக்குறதுக்கு அது போதும். அவர் கேக்குறது அச்சுக்கு.

டிடிபி நண்பரே, ஸ்னாப்ஷாட்டும் அண்ணன் சொன்ன ஸ்க்ரீன்ஷாட்டும் ஒரே ஜாதி. பிடிஎஃப்க்குள்ள உள்ள படத்தை அது எடுக்கல, அந்த நேரத்துல உங்க ஸ்க்ரீன்ல தெரியுறதைத்தான் எடுக்குது. உங்க ஊரு ஹரித்ரா நதி குளத்துல கோபுர நிழல் விழுதுன்னு ஒரு கொடம் தண்ணி மொண்டுட்டு வந்தா கோபுரமா வரும்?

கணக்கு போட்டு பாருங்க. உங்க மானிட்டர் சாதா 1366-க்கு 768 மானிட்டர்னு வச்சுக்குவோம். மெனு, டாஸ்க்பார் எல்லாம் போக முழு பக்கம் தெரியுற மாதிரி வச்சா ஏ4 பக்கம் நீளவாக்குல சுமாரா 600 புள்ளிதான் (பிக்சல்) கெடைக்கும். ஏ4 நீளம் 11.7 இன்ச். அப்ப ஒரு இன்ச்சுக்கு 51 புள்ளி. பக்கத்துல கோபுரம் 3 இன்ச் அகலம்னா நீங்க அள்ளிட்டு வந்தது 150 புள்ளி சொச்சம். அதை அட்டைல 5 இன்ச்சுக்கு இழுத்துருக்கீங்க, இன்ச்சுக்கு 30 வருது. ஆப்செட்டுக்கு 300 கேப்பாங்க. அவர் கோலப்புள்ளின்னு சொன்னதுல தப்பே இல்ல.

அவசரத்துக்கு ஒரு வழி இருக்கு. ரீடர்ல எடிட், ப்ரிஃபரன்சஸ், ஜெனரல் போங்க, அதுல யூஸ் ஃபிக்ஸட் ரெசல்யூஷன் ஃபார் ஸ்னாப்ஷாட் டூல்னு ஒரு டிக் இருக்கும், அதை போட்டு பக்கத்துல உள்ள 72-ஐ 300 ஆக்கிருங்க. அப்பறம் ஸ்க்ரீன்ல ஜூம் எவ்வளவு இருந்தாலும் 300-லயே எடுக்கும். ஆனா ஒண்ணு, உள்ள இருக்க படமே சின்னதா இருந்தா 300-ன்னு எடுத்தாலும் ரப்பர் மாதிரி இழுத்துத்தான் குடுக்கும். அதனால உள்ள என்ன இருக்குன்னு பாக்காம எந்த வேலையும் ஆரம்பிக்காதீங்க.

குடமுருட்டி:

வெண்ணாறு சரியா சொன்னாரு. நான் கும்பகோணத்துல பிரஸ் வச்சிருக்கேன், வாரத்துக்கு நாலு பேர் இதே கதையோட வர்றாங்க, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதிடுறேன்.

உங்ககிட்ட உள்ள மூணும் பேர்லதான் பிடிஎஃப், உள்ள மூணும் மூணு ரகம். மொத ஃபைல்ல ஒவ்வொரு பக்கமுமே ஒரு பெரிய போட்டோ, எழுத்தும் படமும் ஒண்ணா சேந்துருக்கும். ரெண்டாவதுல போட்டோவே கெடையாது, இங்கேர்ந்து அங்க கோடு போடுன்னு கணக்குதான் இருக்கும். மூணாவதுலதான் நெசமாவே போட்டோ போட்டோவா தனித்தனியா உக்காந்துருக்கும். மூணுக்கும் ஒரே வைத்தியம் பண்ணுனீங்கன்னா ஒண்ணும் குணமாகாது.

உள்ள என்ன இருக்குன்னு பாக்க பாப்ளர்னு ஒரு இலவச தொகுப்பு இருக்கு, அதுல பிடிஎஃப்இமேஜஸ்னு ஒரு சின்ன கமாண்டு. விண்டோஸ் 10-ல எறக்கி வைங்க. கறுப்பு ஜன்னலை (கமாண்டு ப்ராம்ட்) தொறந்து பிடிஎஃப்இமேஜஸ், ஒரு ஸ்பேஸ், ஹைஃபன் ஒட்டி லிஸ்ட், ஒரு ஸ்பேஸ், ஃபைல் பேரு, இவ்வளவுதான் (இங்கிலீஷ்லதான் அடிக்கணும், ஃபைல் பேரையும் இங்கிலீஷ்ல ஸ்பேஸ் இல்லாம மாத்திக்கங்க). எந்த பக்கத்துல எத்தனை படம், அகலம் உயரம் எத்தனை புள்ளி, என்ன சுருக்கம், இன்ச்சுக்கு எத்தனைன்னு வரிசையா கொட்டும். பாத்துட்டு லிஸ்ட்டுக்கு பதிலா ஆல்-னு போட்டு, ஃபைல் பேருக்கு பின்னாடி கடைசில படத்துக்கு ஒரு பேரு குடுத்தா படம் எல்லாத்தையும் ஃபோல்டர்ல எறக்கிரும். ஜேபெக் உள்ளபடியே வெளிய வரும், திரும்ப ஒருதரம் சுருக்காது, அதுதான் இதுல விசேஷம்.

கமாண்டு அடிக்க பயமா இருந்தா போட்டோஷாப்பே போதும். பிடிஎஃப்பை போட்டோஷாப்ல ஓபன் பண்ணுங்க, ஒரு டப்பா வரும், மேல பேஜஸ், இமேஜஸ்னு ரெண்டு இருக்கும். எல்லாரும் பேஜஸ்லயே ஓகே குடுத்துட்டு போயிருவாங்க. இமேஜஸை தொட்டீங்கன்னா உள்ள உள்ள படம் மட்டும் வரிசையா வந்து நிக்கும், வேணுங்கிறதை எடுத்துக்கலாம், முழு சைஸ்ல வரும்.

எடுக்குறப்ப சில கோளாறு வரும், பயந்துராதீங்க. சில பிடிஎஃப்ல ஒரே போட்டோவை வாழைக்காய் பஜ்ஜிக்கு சீவுன மாதிரி பத்து இருபது பட்டையா வெட்டி வச்சிருக்கும், எறக்குனா பட்டை பட்டையாதான் வரும். அந்த மாதிரி வந்தா ஒட்டிக்கிட்டு உக்காராதீங்க, போட்டோஷாப்ல பேஜஸ்ல போயி அந்த பக்கத்தையே 300-ல தொறந்து வெட்டிக்கங்க. அப்பறம் பின்னணி இல்லாத லோகோ மாதிரி படம்னா ஓரம் பூரா கறுப்பா ஒண்ணும், கூடவே அதே சைஸ்ல வெள்ளை கறுப்பு நிழல் மாதிரி ஒண்ணும் வரும். அந்த நிழல் குப்பை இல்ல, அதுதான் ஓரத்தை மறைக்கிற மாஸ்க், அழிச்சுடாதீங்க. கலர் நெகட்டிவ் மாதிரி தலைகீழா வந்தா படம் சிஎம்ஒய்கே, அதாவது அச்சுக்கான நாலு மை கலர், போட்டோஷாப்ல தொறந்து இன்வெர்ட் குடுத்து பாருங்க.

பேரன் குடுத்த ஃபைலுக்கு இது எதுவுமே வேணாம். அவன்கிட்ட வேர்டு ஃபைலையே வாங்குங்க. டாக்ஸ்னு முடியுற ஃபைலா இருந்தா ஒரு காப்பி போட்டுக்கிட்டு அந்த டாக்ஸை ஜிப்னு மாத்தி பிரிங்க, உள்ள வேர்டுன்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள மீடியா, அங்க இருபதும் வரிசையா இருக்கும். ஆனா வேர்டு சேவ் பண்றப்பவே சொல்லாம கொள்ளாம போட்டோவை சுருக்கும், சாதாரணமா 220-க்கு. ஆப்ஷன்ஸ்ல அட்வான்ஸ்டு போயி இமேஜ் சைஸ் அண்ட் குவாலிட்டில டு நாட் கம்ப்ரஸ் டிக் பண்ணிருந்தாத்தான் தப்பிக்கும், அந்த பையன் பண்ணிருக்கவா போறான். அதனால இன்னும் நல்லது அவன் போன்ல உள்ள ஒரிஜினல். வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பாம டாக்குமெண்ட்டா அனுப்ப சொல்லுங்க.

தரைப்படத்தை ஸ்னாப்ஷாட் எடுத்தீங்கன்னா நல்ல கோட்டையும் புள்ளியாக்கிருவீங்க. கோரல்ல ஃபைல், இம்போர்ட் போட்டு பிடிஎஃப்பை கொண்டாங்க, கோடு கோடாவே வரும், எவ்வளவு பெரிசாக்குனாலும் உடையாது. எழுத்தை எல்லாம் கன்வெர்ட் டு கர்வ்ஸ் பண்ணி கோடாக்கிட்டு இபிஎஸ்-ஆ (கோடு கோடாவே வச்சுக்கிற ஃபைல்) எக்ஸ்போர்ட் பண்ணி பேஜ்மேக்கர்ல பிளேஸ் பண்ணுங்க. கோரல் இல்லாதவங்க இங்க்ஸ்கேப்ல பண்ணலாம், அது இலவசம்.

கடைசியா, பேஜ்மேக்கர்ல பேஸ்ட் பண்றதை இன்னியோட விட்டுருங்க தம்பி. உங்ககிட்ட உள்ள பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-ல, கிளிப்போர்டுல வர்ற படத்தை அது வச்சுக்கிற லட்சணம் உங்களுக்கே தெரியும். எந்த படமா இருந்தாலும் டிஃப்-ஆ (அச்சுக்கு குடுக்குற பட ஃபைல்) சேவ் பண்ணி கன்ட்ரோல் டி போட்டு பிளேஸ் பண்ணுங்க. ஆப்செட்டுக்கு குடுக்குறப்ப டிஃப் ஃபைல் அத்தனையும் கூடவே போகணும். சேவ் ஆஸ்ல ரிமோட் பிரிண்டிங்க்கு, அதாவது வேற எடத்துல அச்செடுக்க, வேண்டிய ஃபைலும் சேந்து காப்பி ஆகுற ஆப்ஷன் இருக்கு, அதை போட்டுருங்க, இல்லாட்டி அங்க போயி படம் வராம திரும்ப ஒரு பஸ்சு.

திருவாரூர்_டீச்சர்:

நடுவுல நுழையுறேன், என் அனுபவமும் கிட்டத்தட்ட இதுதான். அறிவியல் வினாத்தாளுக்கு பாடநூல் பிடிஎஃப்ல இருந்து படம் எடுப்பேன். இதயம் குறுக்குவெட்டு படத்தை குடமுருட்டி சார் சொன்ன மாதிரி இமேஜஸ்ல எடுத்தா படம் பளிச்சுன்னு வருது, ஆனா பாகங்களோட பேரு ஒண்ணுகூட இல்ல, அம்புக்குறியும் காணோம்! ரெண்டு நாள் மண்டையை ஒடச்சேன். அப்பறம்தான் புரிஞ்சுது, படம் தனி, பேரு தனி எழுத்து, அம்பு தனி கோடு, மூணும் பக்கத்துலதான் ஒண்ணு மேல ஒண்ணா உக்காந்துருக்கு. எனக்கு அதுவே வசதியா போச்சு, பாகம் குறிக்க சொல்லி கேள்வி கேக்க பேரில்லாத படம்தானே வேணும். பேரோட வேணும்னா மட்டும் 300-ல ஸ்னாப்ஷாட்.

வேர்டுல பேஸ்ட் பண்றதுக்கு பதிலா படத்தை ஃபைலா வச்சுக்கிட்டு இன்செர்ட், பிக்சர்ஸ் வழியா கொண்டு வாங்க, வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இன்னொண்ணு, சில பிடிஎஃப்ல காப்பியே எடுக்க விடாது. ஃபைல், ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி பாத்தா கன்டென்ட் காப்பியிங் நாட் அலவுடுன்னு போட்டுருக்கும். அப்ப அது யாரோடதோ அவங்ககிட்ட கேட்டு வாங்குறதுதான் முறை.

பாமணியாறு_டிடிபி:

எல்லாருக்கும் பெரிய நன்றி. நேத்து ராத்திரி கரண்ட் போயி போயி வந்துச்சு, அதுக்கு நடுவுல உக்காந்து பாத்தேன்.

பேரன் வேலை முடிஞ்சுது. அவன் சென்னையில இருக்கான், வேர்டு ஃபைல் எதுக்குங்க போன்லயே இருக்குன்னு டாக்குமெண்ட்டா அனுப்பிட்டான், ஒவ்வொண்ணும் 3, 4 எம்பி. தரைப்படம் கோரல்ல வந்துருச்சு, ஆனா அர்த்தமண்டபம், மகாமண்டபம்னு இருந்த எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வந்துச்சு, எழுத்தை மட்டும் அழிச்சுட்டு நானே திரும்ப அடிச்சு கர்வ்ஸ் ஆக்கிட்டேன். பிளேஸ் பண்ணி லேசர்ல ஒரு பிரிண்ட் எடுத்தேன், பலிபீடம் வரைக்கும் தெளிவா விழுந்துருக்கு.

கோபுரம்தான் கவலை. லிஸ்ட் போட்டா பக்கத்துக்கு ஒரே படம், 1240-க்கு 1754, இன்ச்சுக்கு 150-ன்னு காட்டுது. அதுல கோபுரம் 3 இன்ச்தான், வெட்டுனா 450 புள்ளி. 5 இன்ச்சுக்கு போட்டா 90 வருது. போட்டோஷாப்ல 300-ன்னு மாத்தி பாத்தேன், நம்பர் மாறுது, படம் மாறல. இதுக்கு ஏதாவது சாஃப்ட்வேர்?

ஈயஎழுத்து:

தம்பி, நான் காலால மிதிச்சு ஓட்டுற ட்ரெடில் மிஷின் காலத்துல அச்சு கோத்தவன், பையன்தான் இந்த போன்ல டைப் பண்ண சொல்லிக் குடுத்தான், தப்பு இருந்தா பொறுத்துக்கணும். ஸ்கேன் பண்ண ஆளு 150-ல பண்ணிட்டான், கதை அங்கேயே முடிஞ்சு போச்சு. பிடிஎஃப்பை விட்டுருங்க. அச்சடிச்ச அந்த மலரை கையில புடிங்க. ஊர்ல எத்தனை வீட்டுக்கு குடுத்துருப்பாங்க, எவன் வீட்டு பரண்லயாவது, பூஜை அலமாரிலயாவது ஒண்ணு கெடக்கும். டெல்டாவுல கோயில் மலரை எடைக்கு போட மாட்டாங்க.

கெடச்சா நேரா 300-ல ஸ்கேன் பண்ணி தொலைச்சுடாதீங்க. அச்சுல உள்ள படம் நெசமாவே புள்ளி, ஒரு பூதக்கண்ணாடி வச்சு பாருங்க, நாலு கலர் புள்ளியும் வட்டம் வட்டமா நிக்கும். அந்த புள்ளி மேல ஸ்கேனர் புள்ளி ஏறுனா கோரைப்பாய் பின்னுன மாதிரி வரி வரியா விழும். அதுக்கு ஸ்கேனர் செட்டிங்ல டீஸ்க்ரீன்னு ஒண்ணு இருக்கும், அதை போட்டு 600-ல எடுத்து, அப்பறம் போட்டோஷாப்ல சைஸ் கொறைங்க. டீஸ்க்ரீன் இல்லாத ஸ்கேனரா இருந்தா 600-ல எடுத்து லேசா ப்ளர் குடுத்துட்டு கொறைச்சா அதே வேலை ஆகும். பழுப்பேறுன தாளுக்கு பின்னாடி ஒரு கறுப்பு அட்டை வச்சுருங்க, மறுபக்கத்து எழுத்து தெரியாது.

3 இன்ச்சை 600-ல எடுத்தா 1800 புள்ளி கெடைக்கும், கணக்குக்கு 5 இன்ச்சுக்கு தாராளம்தான். ஆனா அச்சுலயே இல்லாத விவரம் எங்கேர்ந்து வரும், அதனால 4 இன்ச்சோட நிறுத்திக்கங்க, சுத்தி ஒரு தோரணம் பார்டர் போட்டா அட்டை நிறைஞ்சுரும்.

அரசலாறு:

ஐயா சொல்றதை கேட்டா நானும் இனிமே ஸ்க்ரீன்ஷாட்டை கொறைச்சுக்குவேன் போல. தம்பி, போன மலர் வேணும்னா அந்த ஊர்ல குருக்கள் வீட்டுல கேளுங்க, அவங்ககிட்ட இல்லாம இருக்காது.

பாமணியாறு_டிடிபி:

தாமதத்துக்கு மன்னிக்கணும், நடவு நேரம், கடைல ஆள் இல்ல.

அரசலாறு அண்ணே, குருக்கள் வீட்டுலயேதான் இருந்துச்சு, பஞ்சாங்க கட்டுக்கு அடில, ஓரம் மட்டும் செல்லரிச்சுருக்கு, கோபுர பக்கம் முழுசா இருக்கு. ஸ்கேன் மொதல்ல டீஸ்க்ரீன் போடாம ஒண்ணு எடுத்து பாத்தேன், ஈயஎழுத்து ஐயா சொன்ன கோரைப்பாய் அப்படியே விழுந்துச்சு, கலசத்துல இருந்து வாசப்படி வரைக்கும். டீஸ்க்ரீன் போட்டு 600-ல எடுத்தப்பறம் பொம்மை எல்லாம் தனித்தனியா தெரியுது, மூணாம் நிலைல ஒரு துவாரபாலகர் கை ஒடஞ்சுருக்கறதுகூட தெரியுது. 4 இன்ச், சிஎம்ஒய்கே டிஃப், பிளேஸ் பண்ணி, எல்லா ஃபைலும் சேத்து தஞ்சாவூருக்கு குடுத்துட்டேன். ஆப்செட்காரர் இந்த தடவை போனே பண்ணல, நேரா ப்ரூஃப் அனுப்பிட்டார்.

இப்ப கமிட்டில ஒரே ஒரு பஞ்சாயத்துதான் பாக்கி. தலைவர் போட்டோவை விட பொருளாளர் போட்டோ அரை இன்ச் பெரிசா இருக்காம்.